சூடிக் களைந்த எண்கள்

புரட்டாசியில் ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலிலிருந்து ஒரு கூடை புறப்படுகிறது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை, பட்டு, இலையாலும் பூவாலும் கட்டிய கிளி ஆகியவை அதில் இருக்கும். திருமலைக்குப் போய்ச் சேரும் அந்த மாலையைப் பிரம்மோற்சவத்தின் கருட சேவையன்று வேங்கடவன் சூடிக்கொள்கிறான். சித்திரையிலும் இவ்வாறே ஒரு மாலை மதுரைக்குப் போகிறது. வைகையில் இறங்கும் கள்ளழகர் அதை அணிகிறார். இவ்வூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது வியப்பில்லாத செய்தி. வெளியூர் நண்பர்கள் கேட்டால்தான் நாமும் ஒரு கணம் நின்று யோசிக்கிறோம்.

யோசிக்க வேண்டிய செய்திதான். ஒருவர் சூடிய பூவை மற்றொருவர் சூடுவது நம் வழக்கத்தில் இல்லை. தெய்வத்துக்குச் சாத்திய பூவும் களைந்தவுடன் நிர்மாலியமாகிவிடுகிறது. அடியார் கையில் பிரசாதமாக அது வரலாம். இன்னொரு மூர்த்திக்கு ஏறுவதில்லை. பெரியாழ்வாரும் அந்த விதியை அறிந்தவர்தான். மாலையில் கூந்தல் இழையைக் கண்டதும் பதறி வேறு மாலை கட்டினார் என்கிறது குருபரம்பரைக் கதை. களைந்த மாலையே வேண்டும் என்று பெருமாள் கேட்டதாகச் சொல்லும் இடத்தில் விதி தலைகீழாகிறது. சூடியதால் மாசுபட்டது என்று ஒதுக்கப்பட்ட பொருள், சூடியதாலேயே ஏற்றம் பெற்றுக் கைமாறுகிறது.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது, ஆயினும், ஆழ்வார் சரித்திரம் அன்று, ஹாக்கி. 2024 ஆகஸ்டு 8ஆம் நாள் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்பெயினை 2-1 என்று வென்று இந்திய அணி வெண்கலம் பெற்றது. கோல்காப்பாளர் ஸ்ரீஜேஷுக்கு அதுவே கடைசி ஆட்டம். ஒரு வாரம் கழியுமுன், ஆகஸ்டு 14ஆம் நாள், அவர் அணிந்த 16ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுப்பதாக ஹாக்கி இந்தியா அமைப்பு அறிவித்தது. மூத்தோர் அணியில் இனி எவரும் அந்த எண்ணை அணிய மாட்டார்கள். இளையோர் அணியில் மட்டும் அது புழக்கத்தில் இருக்கும். ஸ்ரீஜேஷே அவ்வணிக்குப் பயிற்சியாளராகி இன்னொரு ஸ்ரீஜேஷை உருவாக்குவார் என்றார்கள்.

நம் வகுப்பில் கோவில்பட்டிப் பக்கத்து மாணவர்கள் சிலர் உண்டு. கோவில்பட்டி என்றால் கடலை மிட்டாய்க்கு அடுத்தபடி ஹாக்கிதான். 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அந்த மண்ணின் மைந்தர். அந்த மாணவர்களுக்கு அறிவிப்பு பெருமகிழ்ச்சியைத் தந்தது. ஒருவர் அத்துடன் நிற்காமல், அஸ்வினின் 99க்கும் இதே மரியாதை வேண்டும் என்று பின்னொரு நாள் வாதிட்டார். 537 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்த தமிழர் என்பது அவர் தரப்பு. அவரை மறுக்க நமக்கு வாய் வரவில்லை. ஆனால் மனம் ஒப்பவுமில்லை. ஏன் ஒப்பவில்லை என்று தேடிப்போனதன் விளைவே இது.

முதலில் எண்ணின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கிலக் கால்பந்தில் 1928 ஆகஸ்டு 25ஆம் நாள் ஆர்சனல், செல்சி ஆகிய இரு கழகங்களும் முதுகில் எண்ணுடன் களமிறங்கின. அந்த எண் ஆளுக்கு உரியதன்று, இடத்துக்கு உரியது. கோல்காப்பாளர் என்றால் 1. நடு முன்களத்தில் நிற்பவர் 9. இன்று 9 அணிந்தவர் அடுத்த வாரம் வேறிடத்தில் ஆடினால் வேறு எண் அணிவார். இங்கிலாந்தின் பிரிமியர் லீகில் ஓர் ஆட்டக்காரருக்குப் பருவம் முழுதும் ஒரே எண் என்ற முறை 1993இல்தான் வந்தது. நியூயார்க்கின் யாங்கீஸ் பேஸ்பால் கழகத்தில் 1929இல் எண் கொடுத்தபோதும் மட்டை பிடிக்கும் வரிசையைத்தான் எண்ணாக்கினார்கள். மூன்றாவதாக இறங்கிய பேப் ரூத் 3, அவரை அடுத்து இறங்கிய லூ கெரிக் 4. அதாவது எண் என்பது தொடக்கத்தில் ஒரு பதவிப் பெயர். பிற்பாடுதான் அது மனிதப் பெயராயிற்று. கெரிக் கொடிய நரம்பு நோயால் ஆட்டத்தை விட்டபோது, 1939 ஜூலை 4ஆம் நாள், அவருடைய 4ஐ இனி எவருக்கும் கொடுப்பதில்லை என்று கழகம் முடிவு செய்தது. பதவி மனிதனோடு ஓய்ந்தது. அன்று தொடங்கிய வழக்கம் வளர்ந்து, இன்று அந்தக் கழகத்தில் 1 முதல் 9 வரை ஒற்றை இலக்க எண்கள் அத்தனையும் ஓய்விலிருக்கின்றன. புதிதாக வருகிறவர்களுக்குப் பூச்சியம் ஒன்றுதான் மிச்சம்.

இந்த இடத்தில் தமிழ் வரலாறு படித்தவர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரும். சோழ மன்னர்கள் பட்டமேறும்போது பரகேசரி, இராசகேசரி என்ற இரு பட்டங்களை மாறி மாறிப் புனைந்தார்கள். விசயாலயன் பரகேசரி, அவன் மகன் ஆதித்தன் இராசகேசரி, அவன் மகன் பராந்தகன் மீண்டும் பரகேசரி. இராசராசன் இராசகேசரி, இராசேந்திரன் பரகேசரி. நம் பாண்டி நாட்டிலும் மாறவர்மன், சடையவர்மன் என்று இரு பட்டங்கள் சுழன்று வந்தன. எவ்வளவு பெரிய வேந்தனாயினும் அவனோடு பட்டம் மூடப்படவில்லை. இராசராசனுக்குப் பின் இராசகேசரி என்ற பெயருக்கு ஓய்வு கொடுக்க எவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் முதற் குலோத்துங்கன் அந்தப் பட்டத்தைப் புனைந்திருக்க முடியாது.

அரசரை விடுவோம். வீட்டிலும் இதுவே வழக்கு. பேரன் என்ற சொல் பெயரன் என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதால் அவன் பெயரன். பாட்டனுக்குச் செய்யும் மரியாதை அவர் பெயரைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதன்று. அதைத் தெருவில் ஓடியாடும் ஒரு குழந்தைமேல் ஏற்றுவது. மருமகள் மாமனார் பெயரைச் சொல்லிக் குழந்தையைத் திட்டத் தயங்கி வேறு செல்லப்பெயர் வைத்துக்கொள்வாள் என்பது தனிக்கதை.

கைமாற்றும் மரபில் குறையே இல்லையா என்றால், உண்டு. அதைக் கல்வெட்டு படித்தவர்களிடம் கேட்க வேண்டும். ஒரு கோயில் சுவரில் ‘கோப்பரகேசரி’ என்றும் ஆட்சியாண்டும் மட்டும் இருந்தால், எந்தப் பரகேசரி என்று அறிவது பெரும்பாடு. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுந்தர சோழன் மகன் ஆதித்தனும் பரகேசரி, உத்தம சோழனும் பரகேசரி. எழுத்தமைதி, கல்வெட்டில் வரும் அதிகாரிகளின் பெயர், வானியல் குறிப்பு என்று எத்தனையோ சான்றுகளை ஆய்வாளர்கள் துழாவ வேண்டியிருக்கிறது. சில வேளை ஓர் அடைமொழி கைகொடுக்கும். ‘மதுரை கொண்ட’ பரகேசரி என்றால் பராந்தகன். (பாண்டி நாட்டவராகிய நமக்கு அந்த அடைமொழி கசக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) ‘பாண்டியன் தலை கொண்ட’ பரகேசரி என்றால் ஆதித்தன் என்பர். இராசராசன் காலத்தில்தான் மன்னனின் செயல்களை வரிசையாகச் சொல்லும் மெய்க்கீர்த்தி சோழர் கல்வெட்டுகளுக்கு முறையான முகப்பாயிற்று. அதன்பின் குழப்பம் பெரிதும் குறைந்தது. பட்டம் பொதுவாகவே இருந்தது. மெய்க்கீர்த்தி மனிதனைக் காட்டியது.

இனி நம் காலத்துக்கு வருவோம். உலகக் கோப்பைக் கிரிக்கெட்டில் சட்டை எண்கள் 1999இல் வந்தன. டெஸ்ட் ஆட்டத்தின் வெள்ளைச் சட்டையில் எண் ஏறியது 2019 ஆகஸ்டில்தான். சச்சின் டெண்டுல்கர் ஒருநாள் ஆட்டத்தில் வேறு எண்களையும் அணிந்திருக்கிறார். ஆனால் 10 என்றால் அவர் என்றாயிற்று. 2013இல் அவர் விடைபெற்றார். 2017 ஆகஸ்டு 31ஆம் நாள் கொழும்பில் இலங்கைக்கு எதிரான ஆட்டத்தில் ஷர்துல் தாக்கூர் என்ற புதிய பந்துவீச்சாளர் 10ஐ அணிந்து வந்தார். பிறந்த தேதியின் எண்களைக் கூட்டினால் பத்து வருகிறது என்பது அவர் சொன்னதாக அப்போது வந்த காரணம். 1991 அக்டோபர் 16ஐக் கூட்டிப் பார்த்தோம். 28 வருகிறது, இரண்டும் எட்டும் பத்து. கணக்கில் பிழையில்லை. ஆயினும் இணையத்தில் அவரைப் பிடித்து உலுக்கிவிட்டார்கள். முதல் ஆட்டம் ஆடும் ஓர் இளைஞர் எப்படிப் பந்து வீசினார் என்று பேசாமல், எதை அணிந்தார் என்று பேசினார்கள். அவர் 54க்கு மாறினார். அவ்வாண்டு இறுதியில், எழுத்துமூலமான பெரிய ஆணை எதுவுமின்றி, கிரிக்கெட் வாரியம் 10ஐ ஒதுக்கிவைத்தது. 2023 டிசம்பரில் தோனியின் 7ம் அவ்வழியே போனது.

தாக்கூர் பட்ட பாட்டைப் பார்க்கையில் வாரியத்தின் செயலை முற்றாகக் குறை சொல்ல முடியவில்லை. சச்சினைக் காப்பதற்காக அன்று, அடுத்து வரும் பையனைக் காப்பதற்காக அந்த எண்ணை எடுத்துவைத்தார்கள். கூட்டத்தின் கோபத்துக்கு அஞ்சிச் செய்த மரியாதை அது. பெரியாழ்வார் கூந்தல் இழையைக் கண்டு பதறியதைப் போன்ற பதற்றம் அந்தக் கூட்டத்துக்கும் இருந்தது. இடம்தான் மாறியிருந்தது. ஆழ்வாருக்கு முன்னே சூடியவளால் மாசு; இரசிகர்களுக்குப் பின்னே சூடியவனால் மாசு.

ஓய்வு கொடுக்கக் கொடுக்க எண்கள் குறைந்துபோகும் என்ற சிக்கலும் வாரியத்துக்கு உண்டு. தோனியின் எண்ணைப் பற்றிய செய்தி வந்தபோது கூடவே வந்த விளக்கம் சுவையானது. ஏறத்தாழ அறுபது எண்கள் நடப்பு வீரர்களிடம் இருக்கின்றன. ஓராண்டு அணியில் இல்லாதவரின் எண்ணைக்கூடப் பிறருக்குக் கொடுப்பதில்லை. ஆகவே புதிதாக வருகிறவர் முப்பது எண்களுக்குள் தேர வேண்டும் என்றார்கள். யஷஸ்வி ஜெய்ஸ்வால் 19ஐ விரும்பினாராம். அது நம் தினேஷ் கார்த்திக்கிடம் இருந்தது. அவர் அப்போது வர்ணனைப் பெட்டியில் அமர்ந்திருந்தாலும் ஓய்வு அறிவிக்கவில்லை. ஆகவே ஜெய்ஸ்வால் 64ஐ எடுத்துக்கொண்டார். அதே 64 ஆஸ்திரேலியாவில் எவருக்கும் கிடைக்காது. 2014 நவம்பரில் சிட்னியில் பந்து கழுத்தில் பட்டு வீழ்ந்து இரு நாளில் மறைந்த பிலிப் ஹியூஸின் எண் அது. அணித்தலைவர் மைக்கேல் கிளார்க் கேட்டுக்கொள்ள, அந்நாட்டு வாரியம் அதை மூடிவிட்டது. அந்த முடிவில் நமக்குச் சிறிதும் மறுப்பில்லை. களத்தில் வீழ்ந்தவனுக்குக் கல் நடுவது நம்மவர் அறியாததா என்ன.

நடுகல்லைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். கல்லைத் தேர்ந்து காண்பதிலிருந்து வாழ்த்துவது வரை அதன் சடங்கைத் தொல்காப்பியம் படிப்படியாகக் கூறுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே தெரியும் மலையைத் தாண்டினால் வைகையின் மேற்பள்ளத்தாக்கு. அங்கே தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ்-பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். தமிழகத்தில் கிடைத்த எழுத்துடைய நடுகற்களில் மிகத் தொன்மையானவை என்று மதிக்கப்படுபவை. அவற்றுள் ஒன்று மிகச் சில சொற்களே கொண்டது. ஓர் ஊர், அங்கே நடந்த ஆகோள், அதில் பட்டவனின் பெயர். அவ்வளவே. எங்கே, எதில், யார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து மண்ணிலிருந்து எடுத்துப் படித்தாலும் ஒரு மனிதன் எழுந்து நிற்கிறான்.

ஓய்வு பெற்ற எண் அவ்வாறு எழுந்து நிற்குமா? அணியின் பட்டியலில் 6ம் இருக்கிறது, 8ம் இருக்கிறது, 7 இல்லை. எண் இல்லாத அந்த இடம் எதையும் சொல்வதில்லை. இன்று இரசிகர்களின் நினைவு அதை நிரப்புகிறது. நூறாண்டு கழித்து யார் நிரப்புவார்? அமெரிக்கக் கழகங்கள் சட்டையின் மாதிரியை அரங்கின் கூரையிலிருந்து பெயரோடு தொங்கவிடுகின்றன. அங்கே அது ஒருவகை நடுகல். நாம் அங்கிருந்து எடுத்துக்கொண்டது எண்ணை மறைக்கும் பாதியை மட்டுமே. எழுதிவைக்கும் பாதியை விட்டுவிட்டோம். 1980இல் மாஸ்கோவில் இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றபோது அதன் தலைவர் சென்னையின் வாசுதேவன் பாஸ்கரன். இந்திய ஹாக்கிக்கு ஒலிம்பிக்கில் அதன்பின் இன்றுவரை தங்கம் இல்லை. அவர் முதுகில் என்ன எண் இருந்தது என்று வகுப்பில் கேட்டோம். எவருக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியாது. எண் இருக்கட்டும், அவர் பெயரையே வகுப்பில் பாதிப் பேர் அன்றுதான் கேள்விப்பட்டார்கள். ஸ்ரீஜேஷுக்காக ஆர்ப்பரித்த கோவில்பட்டி மாணவர்களும் அந்தப் பாதியில் இருந்தார்கள்.

எண்ணை மூடுவதால் நேரக்கூடிய இழப்பு ஒன்றுக்கு அர்ஜென்டினா சான்று. மாரடோனாவின் 10ஐ 2000இல் நாப்போலி கழகம் மூடியது. அதே ஆர்வத்தில் அர்ஜென்டினாக் கால்பந்துச் சங்கம் 2002 உலகக் கோப்பைக்கு 10 இல்லாத பட்டியலை அனுப்பிற்று. இருபத்து மூன்று பேருக்கு 1 முதல் 23 வரைதான் எண். விடுபடக் கூடாது என்று உலகக் கால்பந்துச் சம்மேளனம் திருப்பிவிட்டது. ஏரியல் ஓர்டேகா 10ஐ அணிந்து ஆடினார். அணி முதல் சுற்றிலேயே வெளியேறியது. அன்று சம்மேளனம் இணங்கியிருந்தால், 2022 டிசம்பரில் கத்தாரில் கோப்பையை ஏந்திய மெஸ்ஸியின் முதுகில் 10 இருந்திருக்காது. மாரடோனாவின் பெயர் அந்த இரவில் குறைந்ததா, கூடியதா என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. அந்நாட்டுத் தெருக்களில் இரண்டு படங்களையும் சேர்த்தே ஏந்திச் சென்றார்கள்.

ஏ.சி. மிலான் கழகம் பாவ்லோ மால்டினியின் 3ஐ மூடியபோது, அவர் பிள்ளைகள் அக்கழகத்துக்கு ஆட வந்தால் அவர்களுக்குத் தரலாம் என்று ஒரு விலக்கு வைத்தது. மகன் டேனியல் ஆட வந்தார். ஆனால் 27ஐ அணிந்தார். வழிவழி உரிமை பற்றி இந்தப் பக்கத்து ஊர்களில் அதிகம் விளக்க வேண்டியதில்லை. கோயில் பரிவட்டம் யாருக்கு முதலில் என்று நீதிமன்றப் படியேறிய வழக்குகள் எத்தனை! மால்டினி மகனின் அறிவு நம்மவர் சிலருக்கு வாய்த்திருக்கலாம்.

நம்மை உண்மையில் அசைத்தது வேறொரு கதை. தொழில்முறை விளையாட்டில் முதன்முதலாக ஓய்வு பெற்றதாகச் சொல்லப்படும் எண், இன்று ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழும் டொராண்டோவில், மேப்பிள் லீஃப்ஸ் என்ற பனிக்கட்டி ஹாக்கிக் கழகத்தில் ஏஸ் பெய்லி அணிந்த 6. 1933 டிசம்பர் 12ஆம் நாள் பாஸ்டனில் எடி ஷோர் என்ற எதிரணியாளர் பின்னாலிருந்து மோதித் தள்ளியதில் பெய்லியின் மண்டை உடைந்தது. பிழைத்தார், மீண்டும் ஆடவில்லை. 1934 பிப்ரவரி 14ஆம் நாள் அவருக்கு நிதி திரட்ட ஓர் ஆட்டம் நடந்தது. அதில் ஆட வந்த ஷோரின் கையைப் பெய்லி களத்தின் நடுவே பற்றிக் குலுக்கினார். 6ஐ இனி எவரும் அணியப்போவதில்லை என்று கழகம் அறிவித்ததும் அன்றுதான். முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்த எண் மூடிக் கிடந்தது. 1968இல் பெய்லியே அதைத் திறந்தார். ரான் எல்லிஸ் என்ற இளைஞரின் ஆட்டம் தமக்குப் பிடித்திருக்கிறது, என் எண்ணை அவர் அணியட்டும் என்று கழகத்திடம் கேட்டார். எல்லிஸ் தம் ஆட்டக்காலம் முடியும்வரை அதை அணிந்தார்.

சூடியவரே களைந்து கொடுத்தது அது. எண்ணை மூட வேண்டுமா வேண்டாமா என்று வாரியங்களும் கழகங்களும் இரசிகர் கூட்டமும் தீர்மானிக்கின்றன. அணிந்தவரிடம் எவரும் கேட்பதில்லை. 10ஐ யார் அணியலாம் என்று சச்சின் சொல்லட்டுமே. 7ஐ ஒரு பையனின் தோளில் தோனி தாமே போர்த்தினால் எந்தக் கூட்டம் அவனை ஏசும்? ஸ்ரீஜேஷின் 16ஐப் பொறுத்தவரை ஹாக்கி இந்தியா அறிந்தோ அறியாமலோ இதற்கு அருகில் வந்திருக்கிறது. இளையோர் அணியின் 16 யார் கைக்குப் போகிறது என்பதை அவர் அருகிருந்து பார்க்க முடிந்தது. மூத்தோர் அணியின் கதவையும் அவர் ஒரு நாள் திறந்துவிடுவார் என்று எதிர்பார்க்கிறோம். இறந்தவர் நிலை வேறு. ஹியூஸ் வந்து கொடுக்க முடியாது. அங்கே யார் கொடுப்பது, கொடுக்கலாமா என்ற கேள்விக்கு நமக்குத் தெளிவான விடை இல்லை.

இல்லாததற்குக் காரணமும் உண்டு. அது நம் கல்லூரியில் நடந்தது. ராஜபாளையம் கூடைப்பந்துக்குப் பேர்போன ஊர். மின்னொளியில் ஆட்டம் என்றால் மில் வேலை முடித்துச் சைக்கிளில் வந்து மதிலோரம் நின்று பார்ப்பவர்கள் இன்றும் உண்டு. கூடைப்பந்தில் நெடுங்காலம் 4 முதல் 15 வரைதான் எண். ஒன்று, இரண்டு, மூன்று என்று நடுவர் விரல் காட்டுவது புள்ளிக்கும் தனி எறிக்கும் வேண்டியிருந்ததால் அந்த மூன்றையும் விட்டுவிட்டார்கள். பன்னிரண்டு பேர், பன்னிரண்டு எண், மிச்சம் கிடையாது. 2014இல் சர்வதேச விதி மாறி 99 வரை அனுமதித்தது. ஆனால் விதி மாறினால் பனியன் மாறுமா? நம் கல்லூரியில் பழைய பன்னிரண்டு பனியன்களே பல ஆண்டு ஓடின.

சில ஆண்டுகளுக்கு முன் தமிழ் இலக்கியம் இரண்டாம் ஆண்டு படித்த ஒரு மாணவன் சாலை விபத்தில் இறந்தான். 11ஆம் எண் அவனுடையது. சடங்கு முடிந்து தோழர்கள் அந்தப் பனியனைத் துவைத்து மடித்து அவன் தாயிடம் கொடுத்துவிட்டார்கள். அதை யாரும் தவறு என்று சொல்லவில்லை. அடுத்த மாதம் மண்டலப் போட்டி. பதினொரு பனியன்தான் இருந்தது. புதிது தைக்க அந்தப் பருவத்தில் நிதி இல்லை. அணி பதினொரு பேரோடு போயிற்று. பன்னிரண்டாவதாகத் தேர்வாகியிருந்த பையன் போகவில்லை. வெளியூர்ப் போட்டிக்கு அவன் தேர்வானது அதுவே முதல் தடவை. அடுத்த ஆண்டு அவன் விளையாடவும் வரவில்லை. இறந்தவனுக்குச் செய்த மரியாதையின் விலையை அந்தப் பையன் கொடுத்தான் என்பது அப்போது நமக்கு உறைக்கவில்லை.

ஆண்டு இறுதியில் இருப்புச் சரிபார்ப்புக்கு நாம் போக நேர்ந்தது. பதிவேட்டில் பன்னிரண்டு, அலமாரியில் பதினொன்று. தாயிடம் கொடுத்தோம் என்று எழுதப் பதிவேட்டில் கட்டமில்லை. உடற்கல்வி இயக்குநர் நம்மை ஒரு தடவை பார்த்துவிட்டு, 11க்கு நேரே ‘கிழிந்தது, கழிவு செய்யப்பட்டது’ என்று எழுதினார். நாம் கீழே கையொப்பமிட்டோம். அந்த மாணவன் இக்கல்லூரிக்காக ஆடினான் என்பதற்கு எழுத்தில் இருப்பது அந்த வரி ஒன்றே. அதில் அவன் பெயரும் இல்லை. புலிமான்கோம்பைக் கல்லை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் அந்தக் கையொப்பம் நினைவுக்கு வருகிறது.

பிற்பாடு திருப்பூரிலிருந்து புதுத் தொகுதி வந்தது. 4 முதல் 15 வரை. வழக்கம்போல 11ம் அதில் இருந்தது. பழைய தோழர்கள் படிப்பு முடித்துப் போய்விட்டிருந்தார்கள். அதை எடுத்துவைக்கச் சொல்ல ஆளில்லை. வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து வந்த முதலாண்டு மாணவன் ஒருவன் அணிந்துகொண்டான். இந்தக் கட்டுரைக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு மாலை ஆடுகளத்தோரம் அவனைக் கூப்பிட்டுச் சொன்னோம். முன்னே இந்த எண்ணை யார் அணிந்தான், எந்த ஊர், எப்படிப் போனான் என்றெல்லாம். பனியனைக் கழற்றிக் கொடுத்துவிடுவானோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அவன் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்:

“அந்த அண்ணன் எந்தப் பொசிஷன்ல ஆடுவாங்க, சார்?”

நமக்குக் கூடைப்பந்து அவ்வளவாகத் தெரியாது. இயக்குநரைக் கூப்பிட்டோம்.